பயந்த சோக்கும் பதினோரு தலைவாழையும்

கரண்ட் வர எப்படியும் அரை மணி நேரமாகும். அதுவரை நீங்களும் எங்கும் போக முடியாது, நானும் போக முடியாது. பயப்படாதீர்கள், ஃபேன் பேட்டரியில் ஓடும். பேச்சுத் துணைக்கு ஒரு கதை சொல்கிறேன். என் கதைதான். நடுவில் கொட்டாவி விட்டால் நிறுத்திவிடுவேன், எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

என் பெயர் ரித்தீஷ். வயது ஐம்பத்தெட்டு. என் வயதுக்காரர்கள் எல்லோரும் ரித்தீஷ், தன்விகா என்று கிழட்டுப் பெயர்களோடு அலைகிறோம். பிள்ளைகளுக்குத்தான் காலத்துக்கு ஏற்ற மாதிரி மயிலாத்தாள், குப்பண்ணன் என்று ஸ்டைலாக வைத்திருக்கிறோம். தொழில், வயர்மேன். கோயமுத்தூர் கணபதியில் பாதி வீடுகளுக்கு நான்தான் வயர் இழுத்தேன். அப்பேர்ப்பட்ட என்னை ஒரு சோக்கு உட்கார வைத்துக் கேள்வி கேட்டது. அதுவும் என் வீட்டில், என் பெண்டாட்டி முன்னால்.

சோக்கு என்றால் தெரியும்தானே? அந்தக் காலத்து ட்யூப்லைட்டில் ஒரு டப்பா இருக்குமே, கரண்ட்டை அளவு பார்த்து விளக்குக்கு ஊட்டுகிற டப்பா, அதுதான். வீட்டுக்குள் செடி வளர்க்கிற ஆயிரம் வாட் விளக்குக்கு அது செங்கல்லைவிடக் கொஞ்சம் பெரிதாக, எலக்ட்ரானிக்காக வரும். விளக்கு பற்றுகிற நொடியில் நாலாயிரம் வோல்ட் ஒரு உதை கொடுக்கும், அப்புறம் அடக்கி வாசிக்கும். எல்லார் வீட்டிலும் ஒன்று இருக்கிறது. சித்திரையில் ஐம்பத்திரண்டு டிகிரி அடிக்கிற ஊரில் வெளியே எந்தச் செடி பிழைக்கும், சொல்லுங்கள். கறிவேப்பிலை, கத்தரி, வாழை எல்லாமே வீட்டுக்குள்தான்.

வாழையில்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

என் மகள் மயிலாத்தாளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை குப்பண்ணன் தங்கமான பையன். அவன் அப்பா அஷ்வந்த் இருக்கிறாரே, அவர் ஒரு தினுசு. நிச்சயதார்த்தச் சாப்பாட்டில் வழக்கம்போல அச்சடித்த இலை போட்டிருந்தோம். இன்றைக்கு ஊர் முழுக்க அதுதான், பச்சையாக இருக்கும், நரம்புகூட வரைந்திருப்பான். மனிதர் இலையைத் தூக்கித் திருப்பி, அடியில் எழுதியிருந்ததைப் பந்திக்கே கேட்கும்படி படித்தார். "குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்." பிறகு இலையை மடித்து வைத்துவிட்டு, கல்யாணத்தன்று தன் வீட்டார் பதினோரு பேருக்கும் நிஜமான தலைவாழை, நுனியோடு, கிழிசல் இல்லாமல் போட்டால்தான் கை நனைப்போம் என்று அறிவித்தார்.

சம்பந்தி வீட்டார் கை நனைக்காமல் எழுந்து போனால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியாததா? அந்த வீட்டில் என் பெண் ஒவ்வொரு வேளையும் சோறு போடும்போது இந்தக் கதை பரிமாறப்படும். ஒரு பேரப்பிள்ளை பிறந்தால் அதற்கும் சொல்வார்கள். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. எழுந்து நின்று, பதினோரு இலைக்கும் நான் பொறுப்பு என்று சொல்லிவிட்டேன். பொறுப்பு என்ற வார்த்தையை என் வாயிலிருந்து அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டதாகத் தன்விகா பிற்பாடு சொன்னாள். தன்விகா என் மனைவி. அவள் இப்படித்தான் பேசுவாள்.

பின்னறையில் ஆறு குட்டை வாழை வைத்தேன். கொழுகொழுவென்று வந்தன. ஒவ்வொன்றிலும் இரண்டு நல்ல இலை, ஆகப் பன்னிரண்டு. கல்யாணத்துக்குப் பதினெட்டு நாள் இருக்கும்போது பழைய சோக்கு உயிரை விட்டது. விளக்கில்லாமல் நாலைந்து நாள் கிடந்தால் இலை வெளுத்துத் தொங்கிவிடும். ஓடிப்போய்ப் புதுசு வாங்கி வந்து பெட்டியைப் பிரித்தேன். பிரித்த கையோடு அது பேசியது.

"வணக்கமுங்க அண்ணா. தப்பா எடுத்துக்காதீங்க, ஒரு அஞ்சு நிமிஷம் பேசலாமுங்களா?"

இதெல்லாம் அந்தச் சட்டம் வந்த பிறகுதான். சாதனப் பொறுப்புச் சட்டம். வீட்டில் தீப்பிடித்தாலும் ஷாக் அடித்தாலும் மனிதர்கள் மேல் கேஸ் கிடையாது, அந்தப் பொருள்மேல்தான். நமக்கெல்லாம் அப்போது எவ்வளவு சந்தோஷம். கேஸ் நடத்த வேண்டுமென்றால் பொருளுக்குக் கொஞ்சம் புத்தி வேண்டும் என்று எல்லாவற்றுக்கும் ஒரு மூளை வைத்தார்கள். குற்றம் நிரூபணமானால் அந்த மூளையைக் கழற்றி ஏதாவது ஒரு லிஃப்டில் மாட்டிவிடுவார்கள். ஏழு வருஷம், எட்டு வருஷம் "முதல் மாடி, கதவு திறக்கிறது" என்று சொல்லிக்கொண்டு கிடக்க வேண்டும். புத்தி வைத்தால் பயமும் சேர்ந்து வரும் என்று யாரும் யோசிக்கவில்லை. இன்றைக்கு இஸ்திரிப் பெட்டி அழாமல் சூடாவதில்லை. எங்கள் வீட்டு மிக்சி மூடியைப் போட்டாச்சா என்று மூன்று தடவை கேட்டுவிட்டுத்தான் சட்னி அரைக்கும்.

இந்தச் சோக்கு அதற்கெல்லாம் அண்ணன். முதலில் பல்பு எத்தனை வாட் என்று கேட்டது. ஆயிரம் என்றேன். தானும் ஆயிரம்தான், பொருத்தம் சரி என்று ஜாதகம் பார்த்தவர் மாதிரி ஒப்புக்கொண்டது. அடுத்து, தன்னை எதில் மாட்டப் போகிறேன் என்று கேட்டது. பழைய சோக்கு ஒரு மரப்பலகையில் இருந்தது. மரம் வேண்டாம், சிமெண்டுச் சுவரில், தரையிலிருந்து நாலடி உயரத்தில், சுற்றிலும் காற்றுப் போக ஒரு சாண் இடம் விட்டு மாட்டச் சொன்னது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் என்ற சொல்லை நான் உச்சரித்ததும் அதன் சின்ன விளக்கு சிவப்பாகிவிட்டது. தனி வயர், தனி டிரிப்பர் சுவிட்சு வேண்டுமாம். செடிக்குத் தண்ணீர் தெளிப்பீர்களே, தண்ணீர் ஒயரோடு வழிந்து எனக்குள் வந்துவிட்டால் என்ன செய்வது என்று அடுத்த கேள்வி. ஒயரைக் கீழே ஒரு தொங்கல் விட்டு மேலே ஏற்றினால் தண்ணீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும் என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள் அதுவே சொன்னது. எல்லாமே சரியாக இருந்ததால் என் கோபம் இரட்டிப்பானது.

"கடைசியா ஒண்ணே ஒண்ணுங்க அண்ணா. எர்த்து இருக்குதுங்களா?"

கணபதிக்கே எர்த் போட்டவனிடம் கேட்கிற கேள்வியா இது? அதெல்லாம் பிரமாதமாக இருக்கிறது என்றேன். மூன்றாவது ஒயரைத் திருகியதும் சோக்கு அதை ஒரு தடவை சோதித்துப் பார்த்தது. பிறகு, வருத்தமான குரலில், ஒயர் வருகிறது, எர்த் வரவில்லை என்றது. டெஸ்ட் லேம்பு எடுத்து வைத்துப் பார்த்தேன். எரியவில்லை. ஒயரைப் பிடித்துக்கொண்டே கொல்லைப்புறம் போனால் எர்த் குழி காய்ந்து சுக்காகிக் கிடக்கிறது, கம்பி துருப்பிடித்துக் கையோடு வந்துவிட்டது. இருபது வருஷமாக எங்கள் வீட்டில் எர்த் இல்லை. தன்விகா இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. நல்ல வேளையாக அதைத்தான் தோண்ட வேண்டியிருந்தது. வெயிலில் எட்டடி தோண்டி, புதுக் குழாய் இறக்கி, கரியும் உப்பும் போட்டு, பதினைந்து குடம் தண்ணீர் ஊற்றி மூடி நிமிர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. மறுநாள் காலையில் எர்த் வருகிறது என்று சோக்கு சொன்னபோது எனக்கு ஐ.டி.ஐ. பாஸான சந்தோஷம்.

அந்தச் சந்தோஷத்தில்தான் புத்தி கெட்டுப் போனேன். புதுப் பொருள் வாங்கினால் நாம் என்ன செய்வோம்? லாரியாக இருந்தாலும் கிரைண்டராக இருந்தாலும் ஒரு பொட்டு வைத்து, கற்பூரம் காட்டாமல் ஓட்டுவோமா? நான் பல்பைக் கையில் எடுத்து, மூன்று விரலால் நல்ல பட்டையாக விபூதி பூசி மாட்டினேன். தன்விகா சோக்குக்குச் சந்தனம் குழைத்து மூன்று இடத்தில் வைத்து, மேலே குங்குமம் வைத்தாள். அதில் ஒன்று சரியாக அதன் கண்ணில் விழுந்தது. அது சூட்டையும் புகையையும் பார்க்கிற கண் என்று எங்களுக்கு என்ன தெரியும். அது கண்ணெதிரே என்னவோ சிவப்பாக இருக்கிறதே என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே தட்டில் கற்பூரத்தை ஏற்றி அதன் முகத்துக்கு நேரே மூன்று சுற்றுச் சுற்றினாள்.

அது போட்ட கூச்சலை அடுத்த தெருவில் கேட்டிருப்பார்கள். தீயைக் கொண்டுவந்து மூஞ்சிக்கு நேரே சுற்றுகிறார்கள், காப்பாற்றுங்கள் என்று கத்திவிட்டு டப்பென்று அணைந்தது. அதன் நெற்றியில், அதாவது திரையில், ஓர் அறிவிப்பு ஓடியது. தீவைப்பு முயற்சி, வாக்குமூலம் அனுப்பப்பட்டது, முப்பது நாட்களுக்கு இயங்க மறுப்பு. கல்யாணத்துக்குப் பதினாறு நாள்.

வேறு சோக்கு வாங்கலாமே என்கிறீர்களா? வாக்குமூலம் பதிவான வீட்டில் எந்தச் சோக்கும் வேலைக்கு வராது. அவற்றுக்குள் ஒரு குழு இருக்கிறது. நான் அதை மிரட்டிப் பார்த்தேன், ஸ்க்ரூடிரைவரைக் காட்டினேன். அதையும் வாக்குமூலத்தில் சேர்த்துக்கொண்டது.

மூன்று நாள் போயிற்று. வாழையிலைகளில் ஓரம் வெளுக்க ஆரம்பித்தது. வேறு வழியில்லாமல் மகளைக் கூப்பிட்டேன். மயிலாத்தாளுக்கு உத்தியோகமே இதுதான், பயந்துபோன சாதனங்களுக்கு ஆறுதல் சொல்வது. ஊரில் எத்தனையோ ஃபிரிட்ஜுகள் அவள் பேச்சைக் கேட்டுத்தான் மறுபடி கதவைத் திறந்திருக்கின்றன. கல்யாணப் பெண்ணைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்றுதான் இத்தனை நாள் சொல்லாமல் இருந்தேன். வந்தவள் முதலில் ஈரத்துணியால் அதன் கண்ணிலிருந்த குங்குமத்தைத் துடைத்தாள். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் அதனிடம் பேசினாள். வெளியே வந்து என்னைத்தான் முதலில் திட்டினாள்.

"பல்புல விபூதி பூசுனீங்களாப்பா? கைபட்டாலே அந்தக் கண்ணாடிக்கு ஆகாது. எண்ணெய்ப் பிசுக்கு இருக்கற இடம் மட்டும் சூடேறி வெடிச்சிருக்கும். வெடிச்சா யாரு மேல கேஸு?"

சோக்கு மேல்தான் என்றேன்.

"அதான். நீங்க பூசுவீங்க, அது லிஃப்டுக்குப் போகும். அது கெட்டது இல்லப்பா, ஏமாந்துருவோமோன்னு பயப்படுது. மனுசங்க யாரும் எதுக்கும் பொறுப்பு ஏத்துக்கறதில்லைன்னு அதுக்கு நல்லாத் தெரிஞ்சுபோச்சு."

இதற்கு வழியே இல்லையா என்று கேட்டேன். இருக்கிறது, ஆனால் சட்டம் வந்த நாளிலிருந்து ஒருத்தரும் அதைத் தொட்டதில்லை என்றாள். பதினாலாவது பிரிவு. ஒரு மனிதர் விரும்பினால் ஒரு சாதனத்தின் பொறுப்பைத் தன்மேல் எழுதி வாங்கிக்கொள்ளலாம், எப்போது வேண்டுமானாலும், அது தண்டனையில் இருக்கும்போதுகூட. அதற்கப்புறம் ஏதாவது நடந்தால் தண்டனையும் அவருக்குத்தான். அதே தண்டனை, அதே லிஃப்டு, அதே வசனம். மனிதர் என்பதால் உட்கார ஒரு ஸ்டூல் தரப்படும்.

கேட்டதும் எனக்கு வியர்த்துக் கொட்டியது. அப்போதெல்லாம் லிஃப்டைக் கண்டாலே படிக்கட்டுப் பக்கம் ஒதுங்கிவிடுவேன். அதற்குக் காரணம் இருக்கிறது. அதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை, அன்றைக்கு மகளிடம் சொன்னேன்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் இடையர்பாளையத்தில் ஒரு வீட்டில் கீசர் மாட்டினேன். சனிக்கிழமை சாயங்காலம். வேலையை முடித்துவிட்டுக் கிளம்பும் அவசரம். அந்தக் கீசரும் இதே மாதிரிதான், மரியாதையாக, எர்த் போட்டுட்டீங்களாண்ணா என்று கேட்டது. சும்மா இரு, நாளைக்குப் போட்டுக்கலாம் என்று சொல்லிவிட்டுச் சுவிட்சைத் தட்டினேன். அந்த நாளைக்கு வரவே இல்லை. பத்து நாள் கழித்து வீட்டுக்காரர் ஷாக் அடித்து விழுந்து இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். பிழைத்துக்கொண்டார். விசாரணையில் கீசர், தனக்குள் எர்த் ஒயர் வரவே இல்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னது. ஒயர் மாட்டியது யார் என்று சட்டம் கேட்கவில்லை. நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை. அதற்கு ஏழு வருஷம் போட்டார்கள். எந்த மண்டபத்து லிஃப்டில் அது இருக்கிறது என்றும் எனக்குத் தெரியும். தன்விகா கல்யாணத்துக்குப் பிடித்திருப்பதும் அதே மண்டபம்தான். மண்டபம் பார்க்கப் போனபோது, உடம்புக்கு நல்லது என்று சொல்லி மூன்று மாடியும் படியேறினேன். என் முழங்கால் இரண்டு நாள் என்னைத் திட்டியது.

மயிலாத்தாள் திட்டியிருந்தால் பரவாயில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டாள், அதுதான் தாங்க முடியவில்லை. படிவத்தைக் கொண்டுவா என்றேன்.

கையெழுத்துப் போட்டு, சோக்கின் கண்ணுக்கு நேரே காட்டினேன். அது நாலு தடவை படித்தது.

"நெசமாலுமே போட்டுட்டீங்களாண்ணா?"

போட்டுவிட்டேன் என்றேன். சுத்தமான கையுறை போட்டு, பல்பைக் கழற்றி, ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் விபூதியைத் துடைத்து மறுபடி மாட்டினேன். டிரிப்பரைப் போட்டேன். சோக்கு ஒரு பெருமூச்சு விட்டது. விளக்கு மினுக்கென்று ஒரு கண் சிமிட்டி, ரோஸாகி, மஞ்சளாகி, அறை முழுக்கச் சித்திரை வெயில் மாதிரி கொட்டியது. வாழைகள் நிமிர்ந்து உட்கார்ந்ததாக எனக்குப் பட்டது. சத்தியமாக அழுகை வந்தது.

அதோடு முடிந்ததென்று நினைத்தீர்களா? அங்கேதான் ஆரம்பம். பொறுப்பு இறங்கிய மறுநாளே சோக்குக்குக் குளிர்விட்டுப் போயிற்று. காலையில் என்னைப் பார்த்ததும், ஒரு தண்ணி தெளிப்புத்தானே, விளக்கு எரியும்போதே தெளியுங்கள் அண்ணா, என்ன ஆகிவிடப் போகிறது என்றது. இரண்டாம் நாள், எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் போட்டால்கூட ஓடும், தான் பழைய மாதிரி இல்லை என்றது. மூன்றாம் நாள் சினிமாப் பாட்டுப் பாட ஆரம்பித்தது. நானோ கதிகலங்கிப் போனேன். மணிக்கொரு தரம் போய்ப் புறங்கையால் அதைத் தொட்டுச் சூடு பார்ப்பேன். எர்த் குழிக்குத் தினமும் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுவேன். டைமர் விளக்கை அணைத்தால், பல்பு ஆறும் வரை கால் மணி நேரம் கடிகாரத்தோடு அறை வாசலில் உட்கார்ந்திருப்பேன், யாரும் உடனே போட்டுவிடக் கூடாதென்று. தன்விகா தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தலையோடு அந்தப் பக்கம் வந்தால் ஓடிப்போய் மறிப்பேன். மிக்சியும் நானும் நல்ல சிநேகிதர்களாகிவிட்டோம், இரண்டு பேருமே மூடியைப் போட்டாச்சா என்று கேட்டுக்கொண்டிருந்தோம்.

கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது சம்பந்தி அஷ்வந்த் இலையைப் பார்க்க வந்தார். முன்னறிவிப்பு இல்லை. கால் கழுவி, கை கழுவி, துடைக்காமல் நேரே வாழை அறைக்குப் போனார். இலைகளைப் பார்த்ததும் அவர் முகமே மாறிவிட்டது. சின்ன வயதில் பார்த்ததாம். ஒவ்வோர் இலையாகத் தடவித் தடவிப் பார்த்தார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அப்புறம் மனிதர், விளக்கு கண்ணைக் கூசுகிறது, கொஞ்சம் திருப்பி வைக்கலாமே என்று சொல்லிக்கொண்டு, சொட்டச் சொட்ட ஈரக்கையைப் பல்பை நோக்கி நீட்டினார். சோக்கு, தாராளமாகத் திருப்புங்கள் மாமா என்று உற்சாகம் வேறு கொடுத்தது.

"கையை எடுங்க."

சொன்னது நான்தான். பெண்ணைப் பெற்றவன், சம்பந்தியைப் பார்த்து, என் வீட்டில் வைத்து. சொன்னதோடு நிற்கவில்லை. ஈரக்கையோடு இந்த அறைக்குள் வர உங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது, வெடித்தால் லிஃப்டுக்குப் போகிறது நீங்களா நானா என்று கேட்டு, அவர் மணிக்கட்டைப் பிடித்து வெளியே கொண்டுவந்து, துண்டைக் கொடுத்து, துடையுங்கள் என்று நின்றேன். துடைத்தார். தன்விகா கொண்டுவந்த காப்பியைத் தொடாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

முடிந்தது கதை என்று நான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். இலையைக் காப்பாற்றிவிட்டு, இலையில் சாப்பிட வேண்டிய ஆளைத் துரத்திவிட்டேன். தன்விகா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் சம்பந்தியிடமிருந்து ஃபோன். நான் எடுத்ததும் அவர் கனைத்துக்கொண்டு, மெதுவாக, சோதித்துப் பார்த்ததில் தன் வீட்டிலும் எர்த் வரவில்லை, கல்யாணம் முடிந்து மருமகள் வருவதற்குள் ஒரு நடை வந்து பார்க்க முடியுமா என்று கேட்டார். அன்று மத்தியானமே போய்த் தோண்டிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

கல்யாணத்தன்று காலையில் பதினோரு இலைகளை அறுத்தேன். பன்னிரண்டாவது இலை சம்பந்தி தடவியதில் கிழிந்திருந்தது, அதைப் பற்றி நான் யாரிடமும் சொல்லவில்லை. ஈரத்துணி விரித்த நீளமான பலகையில் இலைகளை அடுக்கி, பச்சைக் குழந்தையைத் தூக்குவது போல இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு மண்டபத்துக்குப் போனேன். பந்தி மூன்றாவது மாடியில். படிக்கட்டில் ஜனம் நெரிகிறது. குறுகலான திருப்பம் வேறு. அந்தக் கும்பலில் நுழைந்தால் பதினொன்றும் நார்நாராகிவிடும். வேறு வழியில்லை. லிஃப்டுக்குள் போனேன். கதவு மூடியது. கை இரண்டும் நிறைய இலை, பொத்தானை அமுக்க முடியவில்லை.

மூணாவது மாடி என்று வாயால் சொன்னேன்.

லிஃப்டு நகரவில்லை. பிறகு அந்தக் குரல், அதே மரியாதையான குரல், கேட்டது.

"அண்ணா, அந்த எர்த்து போட்டுட்டீங்களா?"

பட்டு வேட்டியும் நெற்றியில் சந்தனமுமாக, கையில் பதினோரு தலைவாழையோடு நான் அங்கே நின்று அழுதேன். கண்ணைத் துடைக்கக்கூடக் கை இல்லை. போடவில்லை, நான்தான் போடவில்லை, உன்மேல் தப்பே இல்லை என்று சொன்னேன். அது தனக்குத் தெரியும் என்றது. இவ்வளவு நாளாக யாராவது ஒருத்தர் அதைச் சொன்னால் நன்றாயிருக்குமே என்று நினைத்ததாம். இன்னும் எவ்வளவு நாள் பாக்கி என்று கேட்டேன். சரியாக ஒரு வருஷம் என்றது. அப்புறம், இலை வாடிவிடப் போகிறது என்று அதுவே சொல்லி மேலே கொண்டுபோய் விட்டது.

சம்பந்தி வீட்டார் பதினோரு பேரும் உட்கார்ந்தார்கள். அஷ்வந்த் இலையின் நுனியை இடது பக்கம் வைத்து, தண்ணீர் தெளித்து, துடைத்து, முதல் கவளத்தை வாயில் போட்டார். இரண்டாம் தடவை ரசம் கேட்டார். நான் அதைப் பார்த்துவிட்டு நேரே மண்டப அலுவலகத்துக்குப் போய், ஒரு படிவம் கேட்டேன். பதினாலாவது பிரிவு, எப்போது வேண்டுமானாலும் என்று மகள் சொன்னது ஞாபகம் இருந்தது.

கீசர் இப்போது என் வீட்டுக் குளியலறையில் இருக்கிறது. எர்த் பிரமாதமாக வருகிறது. காலையில் அதுவும் சோக்கும் சேர்ந்து பாடுவதாகத் தன்விகா புகார் சொல்கிறாள். ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வந்து எனக்காகவே நாலு தடவை மேலும் கீழும் போய்விட்டுப் போவார். பாக்கி எட்டு மாதம். ஸ்டூல் கொடுத்தார்கள், ஒரு கால் ஆடும்.

இதோ, கரண்ட் வந்துவிட்டது. உங்களுக்கு மூன்றாவது மாடி என்றுதானே சொன்னீர்கள்? தள்ளி நில்லுங்கள், கதவு திறக்கிறது. மூன்றாவது மாடி. கையைத் துடைத்துவிட்டுச் சுவிட்சைத் தொடுங்கள்.